கம்பஸ் பிள்ளைகளின் லீவும் நமது அமைப்புகளின் "பெலோஷிப்"பும்



பல்கலைக்கழகங்களில் லீவு விட்டு எங்கள் பிள்ளைகள் ஊருக்கு வந்து இறங்கியதும் வட்ஸ்அப் குரூப்களில் போஸ்டர்கள் வரத் தொடங்கிவிடும். "சமர் பெலோஷிப் - முற்றிலும் ஒன்லைன் - 8 வாரங்கள் - ஈ-சேர்ட்டிபிகேட் வழங்கப்படும்." கீழே ஒரு கூகுள் போர்ம். போடுபவர்கள் கம்பனிகள் இல்லை. சமூக சேவை அமைப்புகள். ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புதவி செய்பவை, ஸகாத் சேகரித்துக் கொடுப்பவை, விதவைப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுப்பவை, பள்ளிவாசல்களோடு சேர்ந்து வேலை செய்பவை. கொழும்பில் இருப்பதும் உண்டு, நம் ஊரில் இருப்பதும் உண்டு.

எந்த அமைப்பின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றைக் குறிவைத்து எழுதினால் மற்றவையெல்லாம் "அது நாங்கள் இல்லை" என்று போய்விடும். அனேகமாக எல்லா இடத்திலும் இதே கதைதான். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இவற்றில் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பெயரைப் பார்ப்போம். எங்கள் ஊரில் சமர் எப்போது வருகிறது? எங்களுக்குத் தெரிந்தது கச்சான் வீசும் காலமும் வாடை வீசும் காலமும்தான். சமர் லீவு என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை விடும் நீண்ட விடுமுறை. அந்த மாதங்களில் அங்குள்ள மாணவர்கள் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்வது பழைய வழக்கம். சின்னத் தொண்டு நிறுவனங்களால் சம்பளம் கொடுக்க முடியாது என்பதால், பல கல்லூரிகள் தங்கள் நிதியிலிருந்து அந்த மாணவருக்கு ஒரு கொடுப்பனவைக் கொடுக்கின்றன. அங்கே பெலோஷிப் என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கொடுப்பனவோடு சேர்ந்ததைத்தான். வசதி குறைந்த மாணவர்கள் வேலை செய்து படிப்பதற்கு அங்கே 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு திட்டமும் இருக்கிறது. மாணவரின் கூலியில் பெரும்பகுதியை மத்திய அரசாங்கம் கொடுக்கும். அப்படிக் கிடைக்கும் பணத்தில் குறைந்தது 7 வீதத்தைச் சமூக சேவை வேலைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது கல்லூரிகளுக்குள்ள நிபந்தனை. 2020இல் கொரோனா வந்தபோது அங்கே இந்த சமர் வேலைகளில் நிறைய ஒன்லைனுக்கு மாறின.

நாங்கள் அங்கிருந்து சமர் என்ற சொல்லை எடுத்தோம். பெலோஷிப் என்ற சொல்லையும் சூமையும் எடுத்தோம். காசை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

இனி இந்த 8 வாரத்தில் பிள்ளை செய்யும் வேலை என்ன? நான் கேட்டறிந்தவரையில் மூன்று வேலைகள். ஒன்று, போஸ்டர் செய்வது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு போஸ்டர், சர்வதேச தினங்களுக்கு ஒவ்வொரு போஸ்டர், தலைவர் எங்காவது பொன்னாடை போர்த்தினால் அதற்கும் ஒரு போஸ்டர். இரண்டு, உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களை எக்செல் ஷீட்டில் டைப் பண்ணுவது. மூன்று, வெளிநாட்டு நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது. மூன்றாவது வேலைதான் உண்மையில் கஷ்டமானது. அந்த அறிக்கையை வைத்து அமைப்புக்குப் பணம் வருகிறது. எழுதிய பிள்ளையின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

போன வருடம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை சொன்னாள்: "டீச்சர், ரெண்டு மாசம் இரவு பன்னெண்டு மணி வரைக்கும் செஞ்சன். டேட்டா போட்டதும் என்ட காசு. கடைசியில சேர்ட்டிபிகேட்ல என்ட பேரையும் பிழையா போட்டு அனுப்பியிருக்காங்க." திருத்தித் தரச் சொல்லி அனுப்பிய மெசேஜுக்குப் பதிலே வரவில்லையாம். அவளுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகக் கூடியது. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதும் இல்லை, கிடைப்பவருக்கு போர்டிங், சாப்பாடு, பஸ் காசு எல்லாவற்றுக்கும் போதுவதும் இல்லை. அந்த லீவில் அவள் நாலு பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லிக் கொடுத்திருந்தால் அடுத்த செமஸ்டருக்குக் கையில் கொஞ்சம் காசு இருந்திருக்கும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "சேவைக்குக் கூலி கேட்பதா? அல்லாஹ்விடம் கூலி இருக்கிறது. இக்லாஸ் வேண்டும்." இந்தப் பதிலை நான் பல தடவை கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் அனேகமாக மாதச் சம்பளம் எடுப்பவர்கள் அல்லது கடை வைத்திருப்பவர்கள்.

நமது பள்ளிவாசலில் இமாமுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். மோதினாருக்கும் கொடுக்கிறோம். அதனால் அவர்களின் இக்லாஸ் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுக் கூட்டத்தார் யார் என்பது சூரா தவ்பாவின் 60ஆவது வசனத்தில் இருக்கிறது. ஏழைகளையும் வறியவர்களையும் சொன்ன கையோடு மூன்றாவதாக வருபவர்கள் ஸகாத் வேலையில் ஈடுபடுபவர்கள். இது மத்ரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு ஸகாத் நிதியிலிருந்து கொடுங்கள் என்று நான் பத்வா சொல்ல வரவில்லை, அதை மௌலவிமார் பார்க்கட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: நல்ல வேலை செய்கிறவர் வயிற்றைக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும் என்று நமது மார்க்கம் சொல்லவில்லை. தானாக விரும்பி இலவசமாகச் செய்பவருக்கு அதன் நன்மை இருக்கிறது. ஆனால் இலவசமாகச் செய் என்று அடுத்தவர் பிள்ளையிடம் போஸ்டர் போட்டுக் கேட்பவர் இக்லாஸைப் பற்றிப் பேசக் கூடாது. அது அந்தப் பிள்ளை தீர்மானிக்க வேண்டிய விடயம்.

நமது சமூகத்தின் வரலாறும் இப்படி இல்லை. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1942இல், யுத்த காலத்தில், அவர் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்பின் நிலையைக் கண்ணால் பார்த்தார். அந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கியது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாத காரணத்தால் படிப்பை விடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். வசதியுள்ளவர்களிடம் சேர்த்து, வசதியில்லாத மாணவருக்குக் கொடுத்தார்கள். சமூக அமைப்பு என்றால் காசு போக வேண்டிய திசை அதுதான். 80 வருடத்துக்குப் பிறகு நமது அமைப்புகள் வசதியில்லாத மாணவரின் நேரத்தையும் டேட்டாவையும் எடுத்து நிருவாகத்துக்கு ஓட்டுகின்றன. இதற்கு அஸீஸின் படத்தைப் போட்டும் போஸ்டர் செய்விக்கிறார்கள்.

ஒன்லைன் வேலையையே நான் எதிர்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கோபத்துக்குக் காரணம் அது நல்ல வழி என்பதுதான். அதிலும் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு. கொழும்பில் ஒரு இடத்தில் மூன்று மாதம் தங்கிப் பயிற்சி எடுக்க எத்தனை வீட்டில் விடுவார்கள்? விட்டாலும் போர்டிங்குக்கு யார் கொடுப்பது? வீட்டிலிருந்தபடியே ஒரு நல்ல அமைப்பில் வேலை பழகலாம் என்பது அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் திறந்த வாசல். அந்த வாசலில் நின்றுகொண்டு நாங்கள் கொடுப்பது போஸ்டர் வேலையும் பெயர் பிழையான ஒரு பீடிஎப்பும் என்றால், அடுத்த முறை நல்ல வாய்ப்பு வந்தாலும் அவள் போக மாட்டாள். வீட்டாரும் "போன தடவை என்னத்தக் கண்டாய்?" என்றுதான் கேட்பார்கள்.

வீட்டுக்குள் இருந்து செய்யும் வேலைக்குப் பெறுமதி இல்லை என்று எங்கள் சமூகம் சொல்லவே முடியாது. 2020இல் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்க அனுமதி வந்தது. அந்த மாதங்களில் லொக்டவுனில் வீட்டுக்குள் இருந்த பிள்ளைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள், உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். யாரும் அவர்களுக்கு சேர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. உண்மையான வேலை கையில் இருந்ததால் செய்தார்கள்.

இன்றைக்கும் அப்படி வேலை ஊரில் நிறைந்து கிடக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் எத்தனை வீடுகளுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது? அதை வாசிக்க ஆள் தேடி உம்மாமார் அலைகிறார்கள். சிங்களப் பகுதிக் கம்பஸ்களில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அது பத்து நிமிட வேலை. போனில் படம் எடுத்து அனுப்பினால் வாசித்துச் சொல்லலாம், பதில் எழுதிக் கொடுக்கலாம். 2023இல் அஸ்வெசும தொடங்கியபோது பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்வதற்குக் கொமியுனிகேஷன் கடைகளில் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். அந்தப் போர்மை நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் அந்த நேரத்தில் எத்தனை பேர் எங்கள் அமைப்புகளுக்குப் போஸ்டர் செய்துகொண்டிருந்தார்களோ தெரியாது.

இனி நான் சொல்லப் போவது மாணவரைப் பற்றி அல்ல, உதவி கேட்டு வரும் ஏழைகளைப் பற்றி. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒரு அமைப்பில், உதவிக்கு விண்ணப்பித்தவர்களில் யார் தகுதியானவர் என்று பார்க்கும் வேலையை ஒன்லைன் மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் வேறு மாவட்டத்திலிருந்து போன் பண்ணிக் கேள்வி கேட்டு ஷீட்டில் புள்ளி போட்டார்கள். ஒரு விதவைத் தாயிடம் "வீட்டில் ப்ரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் "இரிக்கி மகள்" என்று உண்மையைச் சொன்னார். புள்ளி குறைந்து பெயர் வெட்டப்பட்டது. அந்த ப்ரிட்ஜ் பழுதாகி வருடக்கணக்கு. பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு வைக்கும் அலுமாரியாகத்தான் அவர் அதைப் பாவிக்கிறார். பக்கத்து வீட்டாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அந்த மாணவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குக் கொடுத்த ஷீட்டில் "ஆம், இல்லை" என்ற இரண்டு கட்டம்தான் இருந்தது. கண்ணால் பார்க்காத வீட்டுக்குப் புள்ளி போடும் வேலையை ஒரு 21 வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது அந்த ஷீட்டே. விண்ணப்பித்தவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், கணவர் எப்போது விட்டுப் போனார், வீட்டில் யாருக்கு என்ன நோய், எல்லாம் அதில் இருக்கும். லிங்க் கையில் இருக்கும் யாரும் திறக்கலாம். 8 வாரம் முடிந்து பிள்ளை போனாலும் லிங்க் அவள் போனில் இருக்கும். அடுத்த பட்ஜ் பிள்ளைகளுக்கும் அதே லிங்க் போகும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று இந்த நாட்டில் ஒன்று இயற்றப்பட்டிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். இது அமானிதம் இல்லையா? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஜும்ஆவில் கேட்கிறோம். ஸகாத் எடுத்த ஒரு பெண்ணின் விபரம் ஊர் பேர் தெரியாத இருபது பேரின் போனில் இருக்கிறது.

ஒன்லைனில் செய்யவே கூடாத வேலைகளும் உண்டு. ஓஎல் பெயிலாகும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பது அதில் முதலாவது. 2020 தொடக்கம் இரண்டு மூன்று வருடம் நாங்கள் ஆசிரியர்கள் இதைப் பார்த்துவிட்டோம். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் வாப்பா வேலைக்குக் கொண்டு போய்விடுவார். பெயிலாகும் பிள்ளைதான் சூமுக்கு வராத பிள்ளையும். அதோடு, வயது வந்த ஒருவர் பதினைந்து வயதுப் பிள்ளையோடு தனியாக வட்ஸ்அப்பில் பேசுவதை எந்தப் பெற்றோரும் அனுமதிக்கக் கூடாது. அந்த வேலைக்கு மத்ரஸாக் கட்டடம் இருக்கிறது, ஊரில் லீவில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நேரில் செய்யுங்கள். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற, எல்லோரும் ஒதுக்கி வைத்த கிராமத்துக்குப் போய் அந்த மக்களோடு சேர்ந்து வேலை செய்தார். சர்வோதய இயக்கம் அங்கேதான் தொடங்கியது. அந்த மாணவர்கள் அந்த மக்களை முகம் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். சில விடயங்களுக்கு அது இல்லாமல் முடியாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரே லீவில் ஐந்து இடத்தில் சேர்ந்து, மீட்டிங்கில் கமராவை மூடிவிட்டுத் தூங்கி, ஐந்து சேர்ட்டிபிகேட்டை லிங்க்ட்இன்னில் போடுகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். நாளைக்கு நேர்முகப் பரீட்சையில் "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது. சேர முன்னர் கேளுங்கள்: எனக்கு யார் பொறுப்பு? வாரம் எத்தனை மணித்தியாலம்? கொடுப்பனவு எவ்வளவு? நான் செய்யும் வேலையால் யாருக்கு என்ன பயன்? இதைக் கேட்டதற்காக உங்களைச் சேர்க்காத அமைப்பில் நீங்கள் சேராமல் இருப்பதே நல்லது.

அமைப்புகளிடம் நான் கேட்பது பெரிய விடயம் இல்லை.

1. காசு கொடுங்கள். வாரம் 15 மணித்தியாலம், 8 வாரம். மாதம் 20,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு பிள்ளைக்கு 40,000. மூன்று பிள்ளைகளுக்கு 120,000. முப்பது பிள்ளைகளை இலவசமாக எடுத்துப் போஸ்டர் செய்விப்பதை விட மூன்று பிள்ளைகளைக் காசு கொடுத்து எடுங்கள். அதுவும் முடியாதென்றால் டேட்டாக் காசையாவது கொடுங்கள், பெலோஷிப் என்ற பெயரை எடுத்துவிட்டுத் தொண்டர் வேலை என்று உண்மையைப் போடுங்கள்.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை வையுங்கள். வாரம் ஒரு தடவை அவர் அரை மணி நேரம் பேச வேண்டும்.

3. முதல் சில நாட்களாவது நேரில் வரச் செய்யுங்கள். போக்குவரத்தை நீங்கள் பாருங்கள். யாருக்காக வேலை செய்கிறோம் என்று அந்தப் பிள்ளை பார்க்கட்டும்.

4. தகுதி பார்க்கும் வேலையை மஹல்லாவில் இருப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் செய்யட்டும். மாணவருக்குப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நீக்கிய ஷீட்டை மட்டும் கொடுங்கள். வேலை முடிந்த அன்றே லிங்கை மூடுங்கள்.

5. அவர் எழுதிய அறிக்கையில் அவர் பெயரைப் போடுங்கள். சேர்ட்டிபிகேட்டுக்குப் பதிலாக, என்ன செய்தார் என்று விபரமாக ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பெயரைச் சரியாக எழுதுங்கள்.

"இவ்வளவு காசுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். ஒரு பரிசளிப்பு விழாவுக்கு மேடை, பந்தல், ஒலிபெருக்கி, அதிதிகளுக்கு ஞாபகச் சின்னம், பொன்னாடை, பகல் சாப்பாடு என்று போகும் செலவை ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். ஒரு வருடம் ஒரு விழாவைக் குறையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சகோதரர்களிடம் கேளுங்கள். கிணறு கட்டவும் கட்டடம் கட்டவும் கொடுப்பவர்கள், ஊர்ப் பிள்ளை ஒன்று இரண்டு மாதம் ஊருக்கு வேலை செய்யக் கொடுக்க மாட்டார்களா? கேட்டதே இல்லையே நாங்கள்.

இதை வாசிக்கும் பெற்றோர்களும் நிருவாக சபைகளில் இருக்கும் சகோதரர்களும் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்புங்கள். இந்த வருடம் எத்தனை மாணவர்களிடம் வேலை வாங்கினோம், அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தோம்? பதிலைக் கூட்டறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிவாசல் நிருவாகத்தில் பெண்களுக்கு இடமில்லாததால் என்னால் அங்கே வந்து கேட்க முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏற்கனவே பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கொடுப்பனவு கொடுத்து வேலை வாங்கும் அமைப்பு எதுவும் உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த லீவு வரும்போது என் பிள்ளைகளை அங்கே அனுப்புவேன்.

வஸ்ஸலாம்.